ஆமாம், அந்த வீடியோவில் கத்துவது நான்தான்

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோ எனக்கும் வந்துவிட்டது. போதும், இனிமேல் அனுப்பாதீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மதுரை அழகர்கோவில் ரோட்டில், தூங்குமூஞ்சி மரத்தடியில் பைக்கோடு ஒதுங்கியிருந்தவர்களைப் பார்த்து, "வெளிய வாங்கப்பா, மரத்தடியில நிக்காதீங்கப்பா" என்று தொண்டை கிழியக் கத்துவது நான்தான். பின்னணியில் வடிவேலு குரலைச் சேர்த்தவருக்கு நல்ல ரசனை.

அந்த மரம் விழவில்லை. அதனால் நான் கோமாளி. விழுந்திருந்தால் இதே வீடியோவுக்கு வேறு தலைப்பு வைத்துப் பகிர்ந்திருப்பீர்கள், இல்லையா?

திரும்பவும் சொல்கிறேன், காற்று அடிக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள். கோடை மழையில் முதலில் வருவது மழை இல்லை, காற்று. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று குப்பென்று தரைக்கு இறங்கி நாலா பக்கமும் பாய்கிறது. பகலெல்லாம் வெந்துகிடந்த நமக்கு அது சொர்க்கம். "ஜில்லுன்னு இருக்கு" என்று மொட்டை மாடிக்கு ஓடுகிறோம். தகர ஷீட் பறப்பதும், ஃபிளெக்ஸ் போர்டு சரிவதும், கிளை முறிவதும் அந்தக் காற்றில்தான்.

"மதுரைக்கு ஏதுங்க புயல்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2018-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, திண்டுக்கல் வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. திண்டுக்கல் என்ன வெளிநாடா? அதை விடுங்கள். புயலுக்காவது பேர் வைத்து, நாலு நாள் முன்னாலேயே டிவியில் சொல்லிவிடுவார்கள். இந்த இடிமழைக்கு வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கை விடும். அது போனில் வந்தால் படிக்காமலே தள்ளிவிடுகிறோம். 2024 அக்டோபரில் மதுரை செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பேசியது, பேச வேண்டியதுதான். காற்றைப் பற்றிப் பேசினால் மட்டும் சிரிப்பு வருகிறது.

எனக்குச் சிரிப்பு வராது. சோழவந்தான் பக்கம் என் பெரியப்பாவுக்கு வாழைத் தோட்டம் இருந்தது. குலை தள்ளிய வாழையெல்லாம் ஒரே காற்றில் இடுப்பொடிந்து கிடந்ததைப் பள்ளிக்கூட வயதில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா புளியமரத்தடியில் ஒதுங்கினார். மரத்தில் இடி இறங்கியது. ஆடுகளில் பாதி அங்கேயே செத்துப்போயின. மாமா பிழைத்துக்கொண்டார், ஆனால் அதற்கப்புறம் ஒரு காது கேட்கவே இல்லை. மரத்தில் இறங்கும் மின்னல் அடியில் நிற்பவர் மேல் தாவும் என்பதை அந்த ஊரில் யாரும் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை.

"அப்புறம் எங்கேதான் ஒதுங்குவது?" நியாயமான கேள்வி. கடைக்குள் போங்கள், பெட்ரோல் பங்க் கட்டடத்துக்குள் போங்கள். கார்க்காரர் யாராவது கதவைத் திறந்தால் ஏறிக்கொள்ளுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். எதுவுமே இல்லையென்றால், மரத்தையும் கரண்ட் கம்பத்தையும் விட்டுத் தள்ளிப் போய் நனையுங்கள். நனைந்தால் காய்ந்துவிடும். இடிச் சத்தம் அடங்கி அரை மணி நேரம் கழித்து வண்டியை எடுங்கள். அறுந்து கிடக்கும் ஒயரைத் தாண்டாதீர்கள், கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியைத் தொடாதீர்கள், மின்வாரியத்தின் 94987 94987-க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

"மரத்தை வெட்டச் சொல்றாங்க" என்று ஒரு பசுமைத் தம்பி எழுதியிருக்கிறார். நான் எங்கே ஐயா சொன்னேன்? மரத்தைச் சுற்றிக் கழுத்து வரை சிமெண்ட் போட்டு, கேபிளுக்குக் குழி தோண்டி ஒரு பக்கத்து வேரை அறுக்கிறார்களே, அவர்களைப் போய்க் கேளுங்கள். என் வீட்டு வாசல் வேம்பு நான் வைத்தது. அதன் அடியிலும் காற்றில் நிற்க மாட்டேன்.

"சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்ல? அந்தக் காற்றில் கைகூப்பி, "அன்பர்களே, தயவுகூர்ந்து" என்று ஆரம்பித்திருக்க வேண்டுமா? இதையே வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஆள் கத்தியிருந்தால் "பொறுப்பான மனுஷன்". பொம்பளை கத்தினால் பைத்தியம். புடவை நனைந்திருந்ததைப் பற்றியெல்லாம் கமெண்ட் போட்டிருக்கிறீர்கள். எல்லாம் படித்தேன்.

வீடியோ எடுத்த தம்பி, படத்தின் மேல் ஓரத்தில் இலை தெரிகிறது பாருங்கள். நீங்களும் ஒரு மரத்தடியில் நின்றுதான் எடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் கத்தினேன்.

கடைசியாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையை அந்த வீடியோவுக்குக் கீழே போட்ட என் சொந்த ஒன்றுவிட்ட மாமாவுக்கு: பார்த்துவிட்டேன் மாமா. ஆவணியில் உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க வருவீர்கள்தானே, வாங்க, நேரிலேயே பேசிக்கொள்வோம்.