பட்டப்பகலில் லைட் போடும் வீடுகள்

புது வீட்டுப் போட்டோக்களில் இப்போது மூன்று பொருள்கள் தவறாமல் வருகின்றன. பூசாத செங்கல் சுவர், பூசாத காங்கிரீட் சீலிங், தரைக்குக் கருங்கடப்பா. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நல்ல பொருள்தான். மூன்றையும் ஒரே அறையில் போட்டுவிட்டு, "இவ்ளோ பெரிய ஜன்னல் வச்சும் இருட்டா இருக்கே" என்று இன்ஜினியரிடம் சண்டைக்குப் போவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். செங்கல் 20 முதல் 30. சாம்பல் காங்கிரீட் 30 சொச்சம். கடப்பா 10 பக்கம் வந்தாலே பெரிது. திரும்பிய வெளிச்சம் அடுத்த சுவரில் பட்டு மறுபடி திரும்ப வேண்டும் என்பதால் இழப்பு பெருகிக்கொண்டே போகும். அறையின் பரப்புகள் திருப்பி அனுப்பும் சராசரி 50 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்கினால், உள்ளே சுற்றிவரும் வெளிச்சம் 100க்கு 43 ஆகிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் இது தெரியாது. பத்தடி உள்ளே தள்ளிப் போய்ப் பேப்பர் படித்தால் தெரியும். அந்த மூலைக்கு வருவதே பெரும்பாலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான்.

ஜன்னல் அளவுக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிகளுக்குத் தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு என்கிறது. 10க்கு 12 அறைக்கு 20 சதுர அடி, அதாவது 5க்கு 4 ஜன்னல் ஒன்று. அதற்கு மேல் கண்ணாடியைக் கூட்டினால் வெக்கை வரும், பின்னாலேயே கனமான கர்ட்டனும் வரும்.

புதுச்சேரியில் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதிக்கும் கருங்கடப்பாத் தரைதான். வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடிக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய சிமென்ட் பலகைகள். ஆனால் சுவர், கிளிஞ்சல் கலந்த வெள்ளைப் பூச்சு. தரை விழுங்கியதைச் சுவர் ஈடுகட்டுகிறது. கல்லை மட்டும் காப்பியடிப்பவர்கள் அந்தப் பூச்சை விட்டுவிடுகிறார்கள்.

செங்கல் தெரிய வேண்டுமென்றால் ஒரு சுவரோடு நிறுத்துங்கள். அதுவும் ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டாம். வெளியே பளீரென்று இருக்க, சுற்றியுள்ள செங்கல் கரிப்பாறை மாதிரி தெரிந்து கண் கூசும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் சரி. வெளிச்சம் உரசிக்கொண்டு போகும்போது கல்லின் சொரசொரப்பு அழகாகத் தெரியும். மேலே பளபளக்கும் வார்னிஷ் அடிக்கக் கூடாது. நிறம் கறுக்கும், ஈரம் உள்ளே மாட்டும், உப்புப் பூத்து மேல்தோல் உரியும். சுவர் மூச்சுவிடும் மேட் சீலர் போதும்.

சீலிங்கை மட்டும் தயவுசெய்து வெள்ளையாக விடுங்கள். நம் வீடுகளில் ஜன்னல் 7 அடியில் முடிந்து, கூரை 10 அடியில் நிற்கிறது. இடையிலுள்ள 3 அடி செத்த இடம். சன்ஷேடுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் நீளமான வென்டிலேட்டர் வைத்து, சன்ஷேடின் மேல்புறத்துக்கு வெள்ளை அடித்தால், அதில் விழும் வெயில் நேரே சீலிங்குக்குப் போய் அறையின் கடைசிவரை பரவும். இப்போது அந்த மேல்புறத்தில் இருப்பது பாசியும் ஏசி அவுட்டோர் யூனிட்டும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பது ஐரோப்பியப் புத்தகத்துப் பாடம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயிலே வடக்குப் பக்கம்தான். உச்சிவேளைக்கு ஓரடி சன்ஷேடு போதும். காலையும் மாலையும் சாய்வாக வரும் வெயிலுக்குப் பக்கத்தில் செங்குத்துத் தடுப்பு வேண்டும்.

கல் வாங்கும் முன் ஒரு சோதனை. போனில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். பகலில் ஒரே இடத்தில் முதலில் ஏ4 தாளை வையுங்கள், பிறகு அதே அளவு மாதிரிக் கல்லை. போனின் திரைப் பக்கம் கீழே பார்க்க, நிழல் விழாத அளவுக்குக் கிட்டத்தில், ஒரே உயரத்தில் பிடித்து இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். தாளை 80 என்று வைத்து விகிதம் போட்டால் கல்லின் கணக்கு தோராயமாக வந்துவிடும். கடைக்காரர் தண்ணீர் தெளித்துக் காட்டுவார். நிறத்தை அடர்த்தியாக்கும் சீலர் அடிக்கும் எண்ணம் இருந்தால் அந்த ஈரக் கல்லையே அளந்துகொள்ளுங்கள். வீட்டில் கிடைக்கப்போவதும் கிட்டத்தட்ட அந்த நிறம்தான்.