கோட்டிங்கை இனாமாக அடிக்காதீர்கள்

சோபா க்ளீனிங் செய்கிறவர்களில் பலர், துணியில் கறை சட்டென்று ஊறாமலிருக்கத் தெளிக்கும் ப்ரொடெக்டர் கோட்டிங்கை இரண்டே விதமாகத்தான் விற்கிறார்கள். வேலை முடிந்து ஹோஸைச் சுருட்டும்போது "இதையும் அடிச்சு விட்டுரலாமா?" என்று கேட்பது ஒன்று. பேரம் படியாதபோது "சரி, கோட்டிங் ஃப்ரீ" என்று தள்ளிவிடுவது இன்னொன்று. இரண்டுமே தப்பு என்பேன்.

இனாம் என்று சொன்ன பிறகு முழு அளவு கெமிக்கல் அடிக்க யாருக்கும் மனம் வராது. தண்ணீரைக் கூடுதலாகக் கலந்து ஒரே சுற்றில் முடித்துவிடுவார்கள். மூன்றாம் மாதம் எண்ணெய்க் கறை ஏறியதும், கோட்டிங் என்பதே ஏமாற்று வேலை என்று அந்த வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்துப் போகிறவர் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் எடுபடாது.

விலைக்கு வருவோம். க்ளீனிங் கூலியில் பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறார்கள். மூன்று பேர் உட்காரும் சோபாவிலேயே, ஒட்டித் தைத்த சீட்டுக்கும் ஆறு தனிக் குஷன் உள்ளதற்கும் தெளிக்கும் பரப்பு வெகுவாக மாறும். குஷனைத் திருப்பிப் போட்டு உட்காருவார்கள், அதனால் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். இதற்குச் சுலபமான வழி ஒரு தராசு. ஸ்ப்ரேயரை அடிக்கும் முன்னும் பின்னும் எடை போடுங்கள். தண்ணீர் சார்ந்த கெமிக்கலில் 1 கிராமை ஏறக்குறைய 1 மில்லி என்று எடுத்துக்கொள்ளலாம். பத்து வேலைக்கு நோட்டில் குறித்தால் உங்கள் கைக்கு எவ்வளவு கெமிக்கல் செலவாகிறது என்று தெரிந்துவிடும்.

க்ளீனிங் கூலி 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கெமிக்கல் 10, தரையையும் மரக்காலையும் மூடி, தெளித்து, பிரஷ் போட்டு, ஃபேன் வைக்கும் நேரத்துக்கு 12, திரும்ப வந்து சரிசெய்ய நேர்ந்தால் 3. அடக்கமே 25 ஆகிவிடுகிறது. 40க்கு விற்றால் 15 கையில் நிற்கும். 25க்கு விற்றால் சும்மா உழைத்த கணக்குதான். ஒற்றை நாற்காலி என்றாலும் மூடுவதும் கழுவுவதும் அதே வேலை என்பதால், குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பேச்சை எடுக்க வேண்டிய நேரம், க்ளீனிங் தொடங்கும் முன் துணியைச் சோதிக்கும்போது. ஒரே துணியில் இரண்டு துண்டு வைத்திருங்கள், ஒன்று கோட்டிங் போட்டது. தண்ணீர்ச் சொட்டு உருண்டு நிற்பதை எல்லோரும் காட்டுகிறார்கள். எண்ணெயையும் ஒரு சொட்டு விடுங்கள். வெறும் துணியில் அது பரவி, சுற்றி ஒரு கருத்த வளையம் விழும். ஃப்ளோரின் கெமிக்கல் கலந்த கோட்டிங்கில் முத்தாக நிற்கும், டிஷ்யூவின் நுனி பட்டால் எண்ணெய் டிஷ்யூவில் ஏறிவிடும். சிலிகான் கோட்டிங் தண்ணீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. சிலிகானை அடித்துவிட்டு ஃப்ளோரின் விலை வாங்குவது துரோகம்.

"கறையே படாது" என்ற வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள். நீங்கள் விற்பது துடைக்கக் கிடைக்கும் அவகாசம். சூடான திரவம், ப்ளீச், ஊறவிட்ட நாய்-பூனை சிறுநீர், வெயிலில் வெளுப்பது ஆகியவற்றை எந்தக் கோட்டிங்கும் தடுக்காது என்று பில்லிலேயே எழுதிவிடுங்கள்.

கோட்டிங் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் துணியில் தங்கிப்போன ஷாம்பூ. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பதுதான் சோப்பின் வேலை. அது நார் மேல் இருந்தால் மேலே அடிப்பது வீண். மிதமான அமில ரின்ஸ் போட்டு நன்றாக உறிஞ்சி எடுத்த பிறகு, ஈரப்பதம் இருக்கும்போதே தண்ணீர் சார்ந்ததை அடிக்கலாம். தண்ணீருக்குப் பதில் கரைப்பான் கலந்த சால்வென்ட் வகைக்குத் துணி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. முதலில் நெடுக்கே, பிறகு குறுக்கே தெளித்து, மென்மையான பிரஷால் நாருக்குள் இறக்குங்கள். பருத்தி, லினனில் பழுப்பு ஏறுகிறதா என்று மறைவான மூலையில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். விஸ்கோஸ் வெல்வெட்டில் தண்ணீர் பட்டாலே தடம் விழும், அதற்குத் தண்ணீர் சார்ந்தது வேண்டவே வேண்டாம். தோலுக்கும் ரெக்ஸினுக்கும் இந்தக் கெமிக்கல் இல்லை. நூல் தேய்ந்த சோபாவுக்கும், அடுத்த வருடம் மாற்றப்போகும் சோபாவுக்கும் விற்காதீர்கள்.

ஃப்ளோரின் கெடுதலா என்று யாராவது கேட்டால் மழுப்பக் கூடாது. ஸ்காட்ச்கார்ட் என்ற பிரபலமான துணி ப்ரொடெக்டரைத் தயாரித்த 3எம் நிறுவனமே 2000இல் பிஎஃப்ஓஎஸ் என்ற ஃப்ளோரின் வகையை நிறுத்துவதாகவும், 2022 டிசம்பரில், 2025 முடிவுக்குள் பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃப்ளோரின் கெமிக்கல்களின் குடும்பம்) தயாரிப்பிலிருந்து முழுதாக விலகுவதாகவும் அறிவித்தது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதைச் சொல்லி, ஃப்ளோரின் இல்லாததையும் காட்டுங்கள், அதில் எண்ணெய்த் தடுப்பு குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தேர்வு அவர்களுடையது.

முதலில் தேய்வது கைப்பிடியும் சீட்டின் முன்விளிம்பும். அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் மறுபூச்சு என்ன விலை என்பதை முதல் பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.