தன் பெயரைச் சொன்னாலும் திரும்பாத ஃபைல்

போன மாதம் அலுவலகத்தில் பில்களை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்யப் பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதினேன். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது சில குறிகளுக்குத் தனி அர்த்தம் உள்ள தேடல் வடிவமாக, போட்டுத் தேடும். கிடைத்ததைக் காப்பி எடுக்கும். இருபது வரிகூட வராது. ஓடியது, எரர் எதுவும் இல்லை. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கணக்கு பார்க்கும் அக்கா கேட்டார்: "தம்பி, அடைப்புக்குறி போட்ட பில் ஒண்ணுகூட வரலையே?"

ஒரே பில்லை இரண்டு தடவை டவுன்லோட் செய்தால் 'பில் (1).பிடிஎஃப்' என்று பெயர் விழுமே, அவைதான். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அடைப்புக்குறி ஓர் எழுத்தே அல்ல, குழு பிரிக்கும் குறி. அதனால் என் ஸ்கிரிப்ட் தேடியது 'பில் 1' என்பதை. தன் முழுப் பெயரையே சொல்லிக் கூப்பிட்டும் அந்த ஃபைல் திரும்பிப் பார்க்கவில்லை. புள்ளி இதைவிட மோசம், எந்த எழுத்தாக இருந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும். 'பில் 2.1' கேட்டால் 'பில் 201'-உம் சேர்ந்து வந்து நிற்கிறது. நட்சத்திரக்குறியை முதலில் போட்டால் பைத்தான் எரராவது காட்டும். புள்ளியும் அடைப்புக்குறியும் வாயே திறப்பதில்லை.

இதற்கு நம்மாட்கள் செய்யும் வைத்தியம், குறியை வெறும் எழுத்தாக எடுக்கச் சொல்லும் \ ஒன்றை, வேலை செய்யும்வரை ஆங்காங்கே சேர்ப்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அந்த \ ஷெல்லோடு போய்விடும். பைத்தானில் சாதாரண ஸ்ட்ரிங்கில் \ க்குப் பின் 'என்' வந்தால் அது புது வரி. 'நியூ' என்ற ஃபோல்டருக்குப் பாதை எழுதி விழித்தவர்களுக்குத் தெரியும்.

முழுப் பெயரும் கையில் இருக்கும்போது ரெகுலர் எக்ஸ்பிரஷன் எதற்கு? நேரே சமமா என்று பார்த்தால் போதும். பெயர் ஒரு பெரிய பேட்டர்னுக்குள் போகத்தான் வேண்டும் என்றால் குறிகளுக்கு \ போட்டுத் தர பைத்தானில் 'ரீ.எஸ்கேப்', பெர்ல் மொழியில் 'குவோட்மெட்டா' இருக்கின்றன. ஷெல்லின் தேடல் கட்டளையான கிரெப்பில் '-எஃப்' போட்டால் சொன்னதைச் சொன்னபடியே தேடும். விண்டோஸின் ஷெல்லான பவர்ஷெல்லைப் பயன்படுத்துபவர்கள் சிரிக்க வேண்டாம். பெயரில் சதுர அடைப்புக்குறி இருந்தால் அங்கேயும் காப்பி கட்டளை சத்தமில்லாமல் தாண்டிப் போகும், 'லிட்டரல்பாத்' கொடுத்தால்தான் வழிக்கு வரும்.

இப்போது என் ஸ்கிரிப்ட் கடைசியில் பட்டியலில் எத்தனை, காப்பி ஆனது எத்தனை என்று எண்ணிச் சொல்கிறது. முதல் நாளே வைத்திருக்க வேண்டிய இரண்டு வரி.

சரி, முடிந்தது என்று நினைத்தால், அக்கா ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆரம்பித்திருக்கிறார். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லில் வரும் எழுத்தைப் பிடிக்கும் \w குறியீடு, துணைக்காலையும் கொம்பையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. 'ரசீது' என்று கொடுத்தேன். 'ரச', 'த' என்று இரண்டு துண்டு வந்தது.