சிங்கப்பூர்க் கல்லும் எங்கள் சித்தப்பாவும்

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு மெர்லயன் சிலை ஐந்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. "பழசா ஏதாச்சும் காட்டு தம்பி" என்றார். தஞ்சாவூர்க்காரர், பெரிய கோயில் கல்வெட்டுகளைத் தடவித் தடவியே வளர்ந்தவர். தேசிய அரும்பொருளகத்தில், இன்னும் யாரும் முழுசாய்ப் படிக்காத எழுத்துள்ள சிங்கப்பூர்க் கல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தார். விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டார். "இது 'க' தானே? நம்ம எழுத்துதான்டா!" இரண்டு நிமிடத்தில் அதே எழுத்து 'ச' ஆகிவிட்டது.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1819இல் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இந்தக் கல் கண்ணில் பட்டபோதும் இதே கதைதான். இந்துக்கள் தங்கள் எழுத்து என்றார்களாம், ஆனால் படிக்கத் தெரியவில்லையாம். சீனர்கள் சீன எழுத்து என்றார்களாம். இதை எழுதிவைத்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா கண்ணுக்கு அரபு எழுத்தின் சாயல் தெரிந்ததாம்!

அன்று அது ஏறக்குறைய 3 மீட்டர் உயரப் பாறை, சுமார் 50 வரி எழுத்து. 1843இல் கோட்டை வேலைக்காக வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். தப்பிய துண்டுகளில் ஒன்று கருவூலத் திண்ணையில் காவல் சிப்பாய்களுக்கு ஆசனமாகக் கிடந்தது. ஆளுநர் பட்டர்வொர்த் அதைக் கண்டெடுப்பதற்குள் எழுத்தெல்லாம் கிட்டத்தட்டத் தேய்ந்துவிட்டது. உட்கார்ந்து தேய்த்தவர்களில் நம்மூர்ப் பட்டாளத்துக்காரர் எத்தனை பேரோ!

எனக்கு வயிறெரிவது இதனால்தான். புரியாத எழுத்தைப் படிக்க மேதைமை மட்டும் போதாது, சரக்கு வேண்டும், அதாவது ஒப்பிட நிறைய வாசகங்கள். சாஞ்சியில் குட்டிக் குட்டியாய் நிறைய வாசகங்கள், பலவும் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதை ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் கவனித்தார். கோயிலுக்குக் கொடுத்தவர்கள் வேறென்ன பொறிப்பார்கள், 'தானம்' என்றுதானே? அந்த ஊகத்தில் அசோகர் காலத்து பிராமி எழுத்து திறந்துகொண்டது. அது 1837. அதே ஆண்டு நம் கல்லின் கைப்படியும் கல்கத்தாவில் அவருடைய இதழில் அச்சானது. அதுவரை மழை தின்றது போக எஞ்சியிருந்த வரிகளை வைத்துக்கொண்டு அவராலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை.

2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர், இது 'காவி' என்ற பழைய ஜாவா எழுத்து, இதில் 'கேசரிவ' என்று வருகிறது, 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் துண்டாக இருக்கலாம் என்றார். எனக்கும் உள்ளூர ஆசைதான். ஆனால் 'பரகேசரி' பல சோழர்கள் சூடிய பட்டம். நாலு எழுத்தைப் பிடித்துக்கொண்டு ராஜேந்திர சோழனைச் சிங்கப்பூரில் இறக்கிவிடும் வாட்ஸ்அப் பதிவுகளை என்னால் ஏற்க முடியவில்லை.

சிந்துவெளி எழுத்தும் இப்படித்தான் படாதபாடு படுகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அதைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது, நல்ல விஷயம். ஆனால் ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான். ஐந்து குறிக்கு நான் நினைத்த அர்த்தமெல்லாம் சொல்லலாம். அதே விதியை நீங்கள் இதுவரை பார்க்காத அடுத்த முத்திரையில் போட்டுப் பாருங்கள், அங்கேயும் அர்த்தம் வந்தால் பேசுவோம்.

இதையெல்லாம் எம்ஆர்டி ரயிலில் சித்தப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் அதற்குள் குடும்பக் குழுவில் படத்தைப் போட்டுவிட்டார்: "சிங்கப்பூரில் தமிழ்க் கல்வெட்டு!" கீழே வரிசையாகக் கைகூப்பல்.

"அழிங்க சித்தப்பா, அது தமிழ்னு யார் சொன்னா?"

"தமிழ் இல்லன்னு நீ படிச்சியா?" என்றார்.