அது நிஜக் கேக் இல்லை, தம்பி

நுவரெலியா ஏப்ரல் சீசன் அலங்காரத்தைப் பற்றிய பேச்சில், கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் 1996இல் 25ஆவது ஆண்டுக்காக ஒரே நாளைக்கு நிஜக் கேக்கில் கோட்டை கட்டியதாக ஒரு படத்தோடு போட்டிருக்கிறீர்கள். படம் சரி, கதைதான் பிழை. கலிபோர்னியாப் பூங்கா திறந்தது 1955இல், கணக்கே உதைக்கிறதே! படத்தில் இருப்பது புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட், திறந்தது 1971. அங்கிருந்த சின்ட்ரெல்லா கோட்டைக்கே ரோஸ் பெயின்ட் அடித்து, ராட்சத மெழுகுதிரி, மிட்டாய் உருவமெல்லாம் பொருத்தினார்கள். நம்ம நுவரெலியா தபால் கந்தோரின் செங்கல் சிவப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அந்த ரோஸ் கூசும். அப்புறம், ஒரு நாள் கூத்தும் இல்லை. 1998 ஜனவரி வரை அப்படியே நின்றது. 50ஆவது ஆண்டையும் 18 மாதம் கொண்டாடினார்கள். டிக்கெட் விற்க வேண்டுமே!