கதவு நம்பர் 221பி

(லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட், ஷெர்லாக் ஹோம்ஸ் மியூசியம் வாசல் கியூ. மாமா ரிட்டயர்டு போஸ்ட்மேன், ஊர்லேர்ந்து வந்திருக்காரு.)

மாமா: மாப்ள, நில்லு. இந்தப் பக்கம் 237, அந்தப் பக்கம் 241, நடுவுல 221பின்னு மாட்டி வச்சிருக்கான், என்ன கணக்குடா இது?

செந்தில்: கதைல துப்பறியுற ஹோம்ஸுக்கு இதான் விலாசம், அவரு மியூசியம் மாமா. 1990ல திறந்தாங்க, நம்பருக்கு பர்மிஷனும் வாங்கிட்டாங்க.

மாமா: வாங்கட்டும், பீட் பாக்குற போஸ்ட்மேன் கதி என்ன?

செந்தில்: அது பெரிய கத. 221 வர வேண்டிய எடத்துல 1932லயே ஒரு பில்டிங் சொசைட்டி ஆபீஸ் கட்டிட்டான், ஹோம்ஸுக்கு வர்ற லெட்டரெல்லாம் அங்க போய் குவிய, பதில் எழுதவே தனியா ஒரு செக்ரட்டரி போட்டாங்கன்னா பாத்துக்கங்க.

மாமா: இல்லாத ஆளுக்கு லெட்டரு, அதுக்கு பதில் வேற! 'விலாசதாரர் இல்லை'ன்னு எழுதித் திருப்பி விடறத விட்டுட்டு... சரி, அந்தாளு இப்ப எங்க?

செந்தில்: கதைப்படி ரிட்டயர் ஆகி சசெக்ஸ் பக்கம் தேனீ வளக்கப் போயிட்டாரு.

மாமா: போறவன் ரீடைரக்ஷனுக்கு எழுதிக் குடுத்துட்டுல்ல போவணும்!

செந்தில்: அய்யோ மாமா, 1887ல மொத கத வந்தப்ப இந்தத் தெருவுல 221 வரைக்கும் வீடே கெடையாது. கத எழுதுன கானன் டாயில் சும்மா அடிச்சு விட்ட நம்பரு.

மாமா: ஊரு உண்மையெல்லாம் தோண்டுறவன், சொந்த அட்ரஸ் டூப்பு.

செந்தில்: ஆனா லண்டன் ஹோம்ஸுக்கு அத்துப்படி மாமா. பேன்ட்ல தெறிச்ச சேத்தப் பாத்தே எந்த ஏரியான்னு சொல்லுவாரு. ஒரு நா ராத்திரி, மூடுபனி வேற, குதிர வண்டில போறப்ப கூட இருந்த சிநேகிதன் வாட்சனுக்குத் திக்கே தெரியல, இவரு பாட்டுக்கு ரோச்செஸ்டர் ரோ, வின்சென்ட் ஸ்கொயர், வாக்ஸ்ஹால் பிரிட்ஜ் ரோடுன்னு ஒப்பிச்சிட்டே வர்றாரு. அவ்ளோ தெரிஞ்ச ஆளுக்கு பூமி சூரியனச் சுத்துதுங்கறது மட்டும் தெரியாது!

மாமா: எதுக்குத் தெரியணும்? சூரியனுக்கா தபால் போவுது? தெரு தெரிஞ்சா போதும். எழுதுனவரு சந்து பொந்தெல்லாம் நடந்தே தேஞ்சிருப்பாரு, என்னைய மாரி.

செந்தில்: (தலையச் சொறிஞ்சுக்கிட்டு) இல்ல மாமா... அவரு அப்ப சவுத்சீல, கடலோரத்துல டாக்டரு. அந்தத் தெருவெல்லாம் போஸ்ட் ஆபீஸ் மேப்பப் பாத்துப் போட்டதுன்னு அவரே ஒரு லெட்டர்ல ஒத்துக்கிட்டாரு.

மாமா: என்னது! அவனுக்கு வழி சொன்னதே எங்க டிபார்ட்மெண்ட்டா? வாசல்ல பழைய காலத்து போலீஸ் டிரஸ்ல நிக்கிறான்ல, அவன்ட்ட போய் ஸ்டாஃப்னு சொல்லு, டிக்கெட் எடுக்காத.

செந்தில்: மாமா, அவரே வேஷம் போட்டு நிக்கிற ஸ்டாஃப்.

மாமா: நான் வேஷம் போடாத ஸ்டாஃப்டா. நகரு.