உறை பிரிக்கப்படாமல் வர வேண்டும்

உறையின் மடிப்பை ஒட்டி, அந்த ஒட்டின் மேலேயே பல்கலைக்கழகத்தின் வட்ட முத்திரையைப் பாதி மடிப்பிலும் பாதி உறையிலுமாகக் குத்தியிருந்தார்கள். நான்கு ஆண்டு மதிப்பெண் பட்டியலும் உள்ளே இருக்கிறதா, பெயரில் எழுத்துப்பிழை ஏதும் உண்டா என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொன்னவன் நான்தான். வெளிநாட்டில் பணிபுரிய விண்ணப்பித்துக்கொண்டிருந்த, செவிலியரான என் தோழி தயங்கினார். நான் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். பெயர் சரியாகவே இருந்தது. மறுநாள்தான் விண்ணப்ப வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தைப் படித்தோம்: கல்வி நிறுவனம் முத்திரையிட்ட உறை பிரிக்கப்படாமல் வந்து சேர வேண்டும், பிரிக்கப்பட்டவை ஏற்கப்படமாட்டா. இன்னோர் உறை கைக்கு வரப் பதினொரு வாரம் ஆனது.

அந்தப் பதினொரு வாரக் குற்றவுணர்ச்சியில்தான் இந்த விதிகளை நான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். ஒரு நாட்டில் படித்த படிப்பை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதை நாம் 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல கேள்விகள் அடைந்து கிடக்கின்றன. இந்தக் காகிதம் உண்மையானதா என்பது ஒன்று. இந்தப் படிப்பு இங்குள்ள எந்தப் படிப்புக்கு நிகர் என்பது வேறொன்று. இதை வைத்து மேற்படிப்பில் சேரலாமா என்பதைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் தனியே முடிவு செய்கிறது. இதை வைத்துத் தொழில் செய்யலாமா என்பதை அந்தத் தொழிலின் பதிவு மன்றம் முடிவு செய்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அலுவலகம், ஒரு கட்டணம், ஒரு காத்திருப்பு. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் விடை என்று நம்பி விமானம் ஏறிவிட்டு, போன இடத்தில் விழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போஸ்டில் முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் பிறந்த இந்த முறை, ஒரு நாட்டின் பொது ஆவணத்தைத் தூதரகம் தூதரகமாகத் தூக்கிக்கொண்டு அலையும் வேலையை ஒரே சான்றில் முடித்துவிடுகிறது. அந்த அளவில் அது பெரிய உதவிதான். ஆனால் அது மூன்று செய்திகளுக்குத்தான் சாட்சி சொல்கிறது: கையெழுத்து உண்மையானது, கையெழுத்திட்டவர் இன்ன பொறுப்பில் இருந்து இட்டார், முத்திரை உண்மையானது. ஆவணத்தில் எழுதியிருப்பது மெய்யா, பட்டத்தின் தரம் என்ன என்பது பற்றி அது வாய் திறப்பதில்லை. அப்போஸ்டில் வாங்கிய கையோடு அங்கீகாரமே கிடைத்துவிட்டதாக நிம்மதி அடைபவர்கள் பலர். அந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் அவசரம் முகவர்களுக்கும் இருப்பதில்லை.

படிப்பின் நிலையை ஒப்பிடும் கேள்விதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. மூன்றாண்டு இளநிலைப் பட்டம் நான்காண்டுப் பட்டத்துக்கு நிகரா என்ற வழக்கு பல காலமாக நடக்கிறது. ஐரோப்பிய நாடுகள் தங்கள் பட்டங்களை ஒப்பிடக்கூடிய ஒரே அமைப்புக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்ட 1999ஆம் ஆண்டின் போலோனியா அறிக்கைக்குப் பிறகு ஐரோப்பாவில் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் மூன்றாண்டில் முடிகிறது. அங்கே ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் அமர்ந்த நேரம், தனியே படித்த நேரம், தேர்வுக்குத் தயாரான நேரம் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். ஆகவே மூன்றாண்டுப் பட்டம் 180 கிரெடிட். அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட்தான், ஏனென்றால் அங்கே ஒரு கிரெடிட் என்பது பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பையும் அதற்கு வெளியே சுமார் இரண்டு மணி நேர வேலையையும் குறிக்கிறது. 180 பெரிதா 120 பெரிதா என்று கேட்பது, முழக்கோலால் அளந்த துணியையும் கஜக்கோலால் அளந்த துணியையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவதற்குச் சமம். அப்படியானால் ஆண்டுகளை எண்ணலாமா என்றால், ஆண்டு என்பது அதைவிட மோசமான அளவுகோல். நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தைத்தான் அது அளக்கும், மாணவர் என்ன கற்றுக்கொண்டு எழுந்தார் என்பதை அளக்காது.

இதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. ஜெர்மனியில் அனபின் என்ற பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. எந்த நாட்டின் எந்தக் கல்வி நிறுவனம் ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, எது தனித்தனியாக ஆராயப்பட வேண்டியது என்பதைக் குறியீடுகளோடு யாரும் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இதற்கென நடுவண் அரசின் அமைப்பே இல்லை. தனியார் மதிப்பீட்டு நிறுவனங்கள் எழுதித் தரும் அறிக்கையைப் பல்கலைக்கழகமும் முதலாளியும் தத்தம் விருப்பப்படி ஏற்கிறார்கள். ஒரே பட்டத்துக்கு இரு நிறுவனங்கள் இரு விதமாக எழுதித் தருவதும் நடக்கும். பட்டம் எந்த நிலையினது என்று மட்டும் சொல்லும் அறிக்கை வேண்டுமா, பாடம் பாடமாகப் பிரித்துக் கிரெடிட்டும் தரமும் போட்ட அறிக்கை வேண்டுமா என்பதைக் கேட்டு உறுதி செய்யாமல் பணம் கட்டிவிட்டு, பிறகு இரண்டாம் முறையும் கட்டுபவர்கள் ஏராளம்.

வேலைக்கு வருவோம். மென்பொருள் எழுதுவது போன்ற வேலைகளுக்கு எந்த மன்றத்தின் அனுமதியும் தேவையில்லை. முதலாளிக்குப் பட்டத்தைப் பிடித்திருந்தால் போதும். மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், பல நாடுகளில் ஆசிரியர் போன்ற தொழில்களில் உரிமம் இல்லாமல் கைவைத்தால் அது குற்றம். ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டின் நெறிமுறை ஒன்றில் மருத்துவர், பொதுச் செவிலியர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், மருத்துவச்சி, மருந்தாளுநர், கட்டடக்கலைஞர் ஆகிய ஏழு தொழில்களுக்குப் பயிற்சியின் குறைந்தபட்ச அளவை முன்பே பேசி முடித்துவிட்டதால், உறுப்பு நாடுகளில் பெற்ற அந்தத் தகுதிகளுக்குத் தானாகவே ஏற்பு உண்டு. வெளியிலிருந்து வருபவருக்கு அந்த வாசல் இல்லை. பொறியியலில், ஒருவர் தரச்சான்று தந்த படிப்பை மற்றவரும் ஏற்பதென்று 1989இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்பாடு பெரும்பாலோருக்குத் தெரியும். அது நாட்டை ஏற்பதில்லை, தரச்சான்று பெற்ற தனித்தனிப் பாடத்திட்டங்களைத்தான் ஏற்கிறது என்பதும், பொதுவாக அந்த நாடு முழு உறுப்பினரான பிறகு சான்று பெற்ற படிப்புகளுக்கே அது பொருந்தும் என்பதும் அதே அளவுக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. சரிபார்ப்பு கடுமையாக இருப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். காரணம் சொல்லாமல் மறுப்பதைத்தான் சொல்வேன். ஐரோப்பிய கவுன்சிலும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1997 ஏப்ரலில் உருவாக்கிய லிஸ்பன் உடன்படிக்கையில் இதைப் பற்றி அருமையான ஒரு விதி இருக்கிறது. தேவையான தகவலைத் தருவது விண்ணப்பிப்பவரின் கடமை. ஆனால் அந்த விண்ணப்பம் தகுதியை எட்டவில்லை என்று நிறுவ வேண்டிய பொறுப்பு மதிப்பிடும் அமைப்பைச் சாரும். இரண்டு படிப்புகளுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருந்தாலொழிய மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணம் எழுத வேண்டும், என்ன செய்தால் பின்னர் ஏற்பு கிடைக்கும் என்று வழிகாட்ட வேண்டும், மேல்முறையீட்டுக்கு இடம் தர வேண்டும். ஆசிய பசிபிக் நாடுகளுக்கான 2011ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கையும், 2019இல் யுனெஸ்கோ நிறைவேற்றி 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உடன்படிக்கையும் இதே தடத்தில் செல்கின்றன. இவை உயர்கல்வித் தகுதியைப் பற்றியவை. தொழில் உரிமம் தரும் மன்றங்களை நேரடியாகக் கட்டிப்போடுவதில்லை. அங்கேதான் ஓட்டை.

தோழிக்கு இரண்டு நாடுகளிலிருந்து வந்த இரண்டு கடிதங்கள் என்னிடம் நகலாக இருக்கின்றன. முதல் கடிதத்தில் முகவரியையும் வாழ்த்தையும் நீக்கினால் மிஞ்சுவது ஒன்றரை வரி: சமர்ப்பிக்கப்பட்ட தகுதியை எங்கள் நாட்டின் தகுதிக்கு இணையாகக் கருத இயலாது. எது குறைந்தது, யார் ஒப்பிட்டார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று ஒன்றும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழலாம், வேறொன்றும் செய்ய முடியாது. இரண்டாவது கடிதமும் ஏற்கவில்லைதான். ஆனால் அதில் மூன்று பக்க அட்டவணை இருந்தது. இடப்பக்கம் அவர்கள் எதிர்பார்க்கும் பாடமும் பயிற்சி நேரமும், வலப்பக்கம் தோழியின் பாடத்திட்டத்தில் அதற்குப் பொருந்துவது. முதியோர் பராமரிப்பிலும் வீட்டுக்குச் சென்று செய்யும் பராமரிப்பிலும் செய்முறைப் பயிற்சி போதாது, இவற்றைத் தகுந்த பயிற்சியின் வழியாகவோ தேர்வின் வழியாகவோ ஈடு செய்யலாம் என்று கீழே எழுதியிருந்தார்கள். படித்து முடித்ததும் தோழி, 'சரிதான், எங்களுக்கு அதை யாரும் நடத்தவே இல்லை' என்றார். மறுப்புக் கடிதம் ஒருவரைத் தலையாட்ட வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

போலிப் பட்டங்கள் பெருகிய உலகில் அலுவலகங்கள் சந்தேகப்படத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015இல் கராச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆக்சாக்ட் நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகம் முழுவதும் பட்டம் விற்றதை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தபோது, அலுவலர்களின் சந்தேகம் வெறும் கற்பனை அல்ல என்பது தெரிந்தது. ஆகவே ஆவணத்தை வழங்கிய இடத்திலேயே நேராகக் கேட்டுச் சரிபார்ப்பதை நான் ஆதரிக்கிறேன்; முத்திரையிட்ட உறையும் அந்த நோக்கத்தில் வந்ததுதான், கத்தரிக்கோல் வைத்தது என் தவறு. ஆனால் போலியா என்பது முதல் கேள்வி. அதற்கு 'உண்மையானது' என்று விடை வந்த பிறகும், அந்தப் பயத்தையே அடுத்த கேள்விக்கும் தூக்கிக்கொண்டு வருவது முறையல்ல.

காகிதமே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். போரில் வீட்டோடு சான்றிதழையும் இழந்தவர்களை மனத்தில் கொண்டு லிஸ்பன் உடன்படிக்கையில் தனிப் பகுதியே உண்டு. அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய கவுன்சில் 2017 முதல் அகதிகளுக்கான தகுதிக் கடவுச்சீட்டு ஒன்றை வழங்குகிறது. கிடைத்த ஆவணங்களையும் நேர்காணலையும் வைத்து, இவர் இன்னது படித்திருக்கிறார் என்று நிபுணர்கள் எழுதித் தருகிறார்கள். ஜெர்மனியில் 2012இல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டம், குறிப்பிட்ட தொழில்களுக்கு ஆவணம் போதாதபோது வேலையைச் செய்துகாட்டித் திறமையை நிறுவ இடம் தருகிறது. எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைப் பொருத்திக் காட்டலாம். இத்தனை நெகிழ்ச்சி சாத்தியம் என்று தெரிந்த பிறகு, மூன்றாம் பருவப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம் இல்லை என்பதற்காக ஒரு கோப்பை ஆறு மாதம் கிடப்பில் போடுவதை எப்படி ஏற்பது?

உள்நாட்டு அனுபவம் கேட்கும் வழக்கமும் அப்படித்தான். வேலை செய்ய உரிமம் வேண்டும், உரிமத்துக்கு அந்த நாட்டில் வேலை செய்திருக்க வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் தொழில்முறைப் பொறியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு 2023இல் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. செவிலியர்களுக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது: கடந்த சில ஆண்டுகளுக்குள் பணியாற்றியிருக்க வேண்டும் என்று பல மன்றங்கள் கேட்கின்றன. கோப்பு நகரக் காத்திருக்கும் காலமே அந்தச் சில ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது.

தோழி அந்த அட்டவணைக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். பயிற்சி முடிந்ததும் பதிவு மன்றத்துக்கு மறுபடியும் மதிப்பெண் பட்டியல் போக வேண்டுமாம், அதே முத்திரை, அதே உறை. பல்கலைக்கழகத்துக்குப் போன வாரம் எழுதினோம். இந்த முறை இரண்டு உறை கேட்டிருக்கிறோம். ஒன்று மன்றத்துக்கு, இன்னொன்று நாங்கள் பிரித்துப் பார்க்க.